புளி போட்டுத் துலக்கிய சிப்பிகள்

அன்புள்ள செந்தில்,

நேற்று நீ போனில் பேசியபோது "சரிப்பா, நல்லது" என்று இரண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டேன். நான் அப்படி முடிக்கிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். அம்மாவுக்கு ஏதோ மனத்தாங்கல் என்று ஊகித்திருப்பாய். மனத்தாங்கல் எதுவும் இல்லை, ஆனால் ஒரு விஷயம் இருக்கிறது. போனில் சொல்லியிருந்தால் நீ குறுக்கே பேசியிருப்பாய், நானும் குரலை உயர்த்தியிருப்பேன். உன் கல்யாணத்துக்கு ஒரு மாதம்கூட இல்லாத வீட்டில் அது எதற்கு என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரே உன் அப்பா பத்திரிகைகளுக்கு விலாசம் எழுதிக்கொண்டிருக்கிறார். அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். தலையைத் தூக்காமல் "எழுது, எழுது" என்கிறார்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். மலர் உன்னைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு எம்.எஸ்ஸி. படிக்கப் போகிறாள். அவளுக்கு எந்தச் சிரமமும் வைக்கக் கூடாது என்று நீயே விண்ணப்பத்தை வாங்கி, சான்றிதழ் நகல்களைச் சேர்த்து, எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டாய். அவள் கையெழுத்துப் போட்டால் தபாலில் சேர்த்துவிடலாம். "பயாலஜியில எதை எடுத்தா வேலை கிடைக்கும்னு பேங்க்ல நாலு பேர்கிட்ட விசாரிச்சேம்மா. மைக்ரோபயாலஜின்னு எழுதிட்டேன்" என்றாய். மலர் என்ன சொன்னாள் என்று கேட்டேன். "சரின்னு சொல்லிட்டாம்மா" என்றாய். நிச்சயம் முடிந்து கல்யாணத்துக்குக் காத்திருக்கிற பெண் வேறு என்ன சொல்லுவாள்? அவள் படிக்கப் போவது இரண்டு வருஷம், அதை வைத்துக்கொண்டு வாழப் போவது அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம். அந்த விண்ணப்பம் தபால்பெட்டியில் விழுவதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்பதுதான் என் கவலை.

உன்னைக் குறை சொல்வதாக நினைக்காதே. உதவி செய்கிற கை உனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. பக்கத்து வீட்டில் தண்ணீர்க் குடம் சாய்ந்தால்கூட இங்கிருந்து ஓடுகிற மனுஷர் அவர். எனக்கு அவர் செய்த உதவிகளிலேயே பெரிய உதவி எதுவென்று உனக்கு இதுவரை முழுதாகச் சொன்னதில்லை. வீட்டில் பொங்கல் வரும்போதெல்லாம் நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்போமே, அந்தச் சிரிப்பின் கதை அது.

எழுபதுகளின் நடுவில், நீ அப்போதுதான் ஓடப் பழகியிருந்தாய். நான் பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்த கையோடு கல்யாணமாகி ஏரலிலிருந்து தூத்துக்குடிக்கு வந்தவள். அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. தோணியிலிருந்து கப்பலுக்கு ஏறுகிற சரக்கையும் கப்பலிலிருந்து இறங்குகிற சரக்கையும் கோடு போட்டுக் கோடு போட்டுச் சரிபார்க்கிற வேலை. ஒருநாள் சாயங்காலம் கரித்தூள் முகத்தோடு வந்தவர், முகம்கூடக் கழுவாமல், "ஏளா, மேல படிக்கணும்னு சொன்னியே, பாளையங்கோட்டையில எடம் இருக்காம். போட்டுப் பாக்கியா?" என்றார். கல்யாணத்துக்கு முன்னால் அவர் பெண் பார்க்க வந்த அன்றைக்கு நான் ஒரே ஒருதரம் சொன்னது அது. அதை மனதில் வைத்திருந்திருக்கிறார்.

விண்ணப்பம் போடுவது அப்போது சின்ன வேலை இல்லை. ஜெராக்ஸ் கடை ஏது? மதிப்பெண் பட்டியலை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கொடுத்து அப்படியே அடித்து வாங்க வேண்டும். அடித்ததில் ஒரு எழுத்து பிசகியிருந்தாலும் மறுபடி அடிக்க வேண்டும். அப்புறம் பச்சை மையில் கையெழுத்துப் போடுகிற அதிகாரியைத் தேடிப் பிடித்து, அவர் சாப்பிட்டு வரும்வரை காத்திருந்து முத்திரை வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் அப்பாதான் அலைந்தார். நேர்காணலுக்கும் அவர்தான் கூட்டிப் போனார். உன்னை விட்டுவிட்டுப் போக ஆளில்லாததால் உன்னையும் தூக்கிக்கொண்டு போனோம். உள்ளே கல்லூரி முதல்வர் என்னிடம் "கைக்குழந்தைய வச்சுக்கிட்டு எப்படிம்மா படிப்ப?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே நீ வெளியே தொண்டை கிழியக் கத்த ஆரம்பித்தாய். சரி, இடம் போய்விட்டது என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், உன் அப்பா நட்டநடு வராந்தாவில் யானை மாதிரி குனிந்து உன்னை முதுகில் ஏற்றி நடந்துகொண்டிருக்கிறார், பியூன் சிரித்துக்கொண்டு நிற்கிறார். முதல்வரும் எட்டிப் பார்த்தார். "அவரு யாரு?" என்றார். "எங்க வீட்டுக்காரரு" என்றேன். அதற்குமேல் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

படிப்பு நன்றாகத்தான் போனது. காலையில் பாளையங்கோட்டை பஸ், சாயங்காலம் திரும்பி வருவது, பகலெல்லாம் நீ பக்கத்து வீட்டு லூர்தக்காவிடம். அவர்கள் வீட்டில் நீ மீன்குழம்பு சாப்பிட்டு வளர்ந்தாய், சைவமான எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசிக்கொள்ளவில்லை. இரண்டாம் வருஷம் ஆளுக்கொரு ஆராய்ச்சி செய்து எழுதித் தர வேண்டும். அது இல்லாமல் பட்டம் இல்லை. எனக்கு வழிகாட்டியாக இருந்தவர் நாசரேத்துக்காரர், நாங்கள் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். சிரிக்கவே மாட்டார். "தூத்துக்குடில இருந்து வார, வேற என்னத்தப் படிக்கப் போற? முத்துச்சிப்பிய எடு" என்று சொல்லிவிட்டார். அந்தச் சமயம் சிப்பியைக் கூண்டில் வைத்துக் கடலுக்குள்ளேயே வளர்க்கலாம், முத்தும் எடுக்கலாம் என்று நம் ஊரில் பெரிய பேச்சு. அப்படி வளர்க்கிற சிப்பிக்கு ஒரு தொல்லை உண்டு. படகுக்கு அடியில் கூம்பு கூம்பாக ஒட்டிக்கொண்டு இருக்குமே கொட்டலசு, அதுவும், குழாய்க்குள் குடியிருக்கும் புழுக்களும், பாசியும், இன்னும் பலவும் சிப்பியின் முதுகில் ஏறி வளர்ந்து அதை வாய் திறக்கவிடாமல் செய்துவிடும். எந்த மாதத்தில் எது எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை.

பழைய துறைமுகத்தில் தோணி கட்டுகிற பாலத்துத் தூணில் கம்பிவலைக் கூண்டு கட்டித் தொங்கவிட அனுமதி வாங்கிக் கொடுத்தவரும் அப்பாதான். மாதாமாதம் சில சிப்பிகளை எடுத்து, சதையை நீக்கி, ஓட்டின் உள்பக்கத்தில் கறுப்புப் பெயிண்டால் நம்பர் எழுதி, கொல்லைப்புறத்தில் காயவைத்து, ஒரு தகரப்பெட்டியில் சேர்த்துவந்தேன். பொங்கல் லீவு முடிந்ததும் மொத்தமாகக் கல்லூரிக்கு எடுத்துப் போய் நுண்ணோக்கியில் வைத்து எண்ணலாம் என்று திட்டம். நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம். கொல்லைப்பக்கம் கதவைத் திறந்தால் விருந்தாளி முகத்தைச் சுளிப்பார்கள். அப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அவருக்குச் சுத்தம் ஒரு நோய் என்பது உனக்குத் தெரியும். பகலெல்லாம் கரிக்கும் உப்புக்கும் நடுவே நிற்கிறவர், வீட்டுக்கு வந்தால் செம்புப் பானையில் முகம் தெரிய வேண்டும் என்பார்.

அந்த வருஷப் பொங்கலுக்கு உன் பெரிய மாமா பொங்கல்படி கொண்டுவருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். தங்கச்சி வீட்டுக்கு அரிசியும் கரும்பும் மஞ்சள்குலையும் வாழைத்தாரும் கொண்டுவந்து இறக்குவது அவருக்குப் பெரிய கௌரவம். அதே வாயால் என் படிப்பைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "கடல் அழுக்கையெல்லாம் வீட்டுக்குள்ள குமிச்சு வச்சிருக்காளாம், புள்ள அனாதையா அலையுதாம்" என்று. அது அப்பா காதுக்கும் வந்திருந்தது. மச்சான் வருகிற அன்றைக்கு இந்த வீட்டில் ஒரு குற்றம் கண்டுபிடிக்கக் கூடாது என்று அவர் மனதுக்குள் சபதம் போட்டிருக்கிறார். வெள்ளை அடித்தார், காவிப்பட்டை இழுத்தார், பித்தளைச் சாமானையெல்லாம் முற்றத்தில் பரப்பினார். போகிக்கு முதல்நாள் நான் செய்முறை ரெக்கார்டில் கையெழுத்து வாங்கப் பாளையங்கோட்டைக்குப் போயிருந்தேன். வீட்டில் அவரும் நீயும் மட்டும்.

நான் திரும்பி வந்தபோது வாசலிலேயே மறித்தார். "ஏளா, கண்ண மூடிக்கிட்டு வா" என்று கையைப் பிடித்து முற்றத்துக்குக் கூட்டிப் போனார். கண்ணைத் திறந்தால் ஓலைப்பாயில் வரிசை வரிசையாக என் சிப்பிகள். அத்தனையும் பளபளவென்று மின்னுகின்றன. ஒரு ஓட்டில்கூட ஒரு கொட்டலசு இல்லை, ஒரு புழுக்குழாய் இல்லை. நீ ஒரு சிப்பியை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாய்.

"காலையில இருந்து இதே வேலதான்" என்றார் அப்பா. "சாம்பலுக்கு அசையல. புளியக் கரைச்சு ஊறப்போட்டுத் தேங்கா நாரால தேச்சேன். அப்பமும் போவாதத கத்தியால சொரண்டிட்டேன்."

"உள்ள நம்பர் எழுதியிருந்தேனே."

"அதுவும் ஒரு மாதிரி அசிங்கமாக் கெடந்துது. மண்ணெண்ண போட்டுத் தொடச்சாச்சு. எப்படி இருக்கு பாத்தியா?"

எனக்கு அழுகைகூட வரவில்லை. "நான் படிச்சதே அந்த அழுக்கத்தாங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. சிப்பியின் மேல் என்ன ஒட்டியிருக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி, நீங்கள் தேய்த்துக் கழுவியது என் ஆறு மாத வேலை, இனிமேல் எழுதித் தர என்னிடம் ஒன்றுமில்லை என்று மெதுவாகச் சொன்னேன். அவர் சாக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கழுவிய தண்ணீரெல்லாம் அங்கேதான் போயிருந்தது. முகம் வெளுத்துப் போயிற்று.

"நீ சொல்லவே இல்லியே" என்றார்.

"நீங்க கேக்கவே இல்லியே" என்றேன்.

இரண்டும் உண்மைதான். விண்ணப்பத்துக்கு அலைந்தார், பஸ் நேரம் மனப்பாடமாக வைத்திருந்தார், கூண்டு கட்டக் கயிறு பிடித்தார், உனக்குச் சோறு ஊட்டினார். நான் என்ன படிக்கிறேன் என்று மட்டும் கேட்டதில்லை. அது என் சமாச்சாரம், தனக்கு எங்கே புரியப் போகிறது என்று ஒதுங்கியிருந்திருக்கிறார். முத்துச்சிப்பி என்றால் அந்த மின்னுகிற ஓட்டைத்தான் நான் படிக்கிறேன் என்று அவராகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாளைக்கு மறுநாள் மாமா வந்து பொங்கல்படியை இறக்கினார். சிப்பிகளைப் பார்த்ததும் அவருக்கு வாயெல்லாம் பல். "பரவால்லியே தங்கச்சி, நாறிக் கெடக்கும்னுல்லா நெனச்சேன். கண்ணாடி கணக்கா வச்சிருக்கியே. உனக்குப் படிப்பு நல்லாத்தான் வருது போலுக்கு" என்றார். திருநீறு போட்டு வைக்க ஆகும் என்று இரண்டு சிப்பிகளைக் கேட்டு வாங்கி மடியில் கட்டிக்கொண்டார். அவர் என் படிப்பைப் பாராட்டியது வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான். பின்னால் நின்ற உன் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பொங்கல் பானைக்கு ஓலையை எரித்துக்கொண்டு நான் கண்ணைக் கசக்கினேன், எல்லோரும் புகை என்று நினைத்துக்கொண்டார்கள்.

லீவு முடிகிற அன்று, படிப்பை விட்டுவிடுகிறேன் என்று சொன்னேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "விடுததுன்னா விடு. ஆனா அந்த மிஸ்கிட்ட நான்தான் வந்து சொல்லுவேன். கெடுத்தது நான்லா" என்றார். வேலைக்கு லீவு போட்டுவிட்டு, உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு, மஞ்சள் பையில் நாலு சிப்பிகளோடு மிஸ் முன்னால் போய் நின்றார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். மிஸ் ஒரு சிப்பியை வாங்கி லென்ஸில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எதுல கழுவுனீங்க?"

"புளியில."

"ஒண்ணுகூட மிச்சம் இல்லியே."

"இல்லம்மா, நல்லா அழுத்தித் தேச்சேன்" என்றார் உன் அப்பா, அந்த நிலைமையிலும் கொஞ்சம் பெருமையோடு.

மிஸ் சிரித்துவிட்டார். அந்தக் கல்லூரியில் யாரும் பார்த்திராத சிரிப்பு. பிறகு என்னைப் பார்த்து, "என்ன மூஞ்சிய வச்சிருக்க? இவ்வளவு சுத்தமான ஓடு கேட்டாலும் கெடைக்காது. திரும்பக் கடல்ல தொங்கவிடு. வெறும் ஓட்டுல மொதல்ல குடியேறுதது யாரு, அதுக்குப் பொறவு யாருன்னு வாரத்துக்கு ஒருதரம் பாரு. பரீட்சைக்குள்ள முடிக்கலாம். தலைப்ப மாத்த நான் எழுதித் தாரேன்" என்றார்.

இனி நான் எழுதப் போவதுதான் முக்கியம், செந்தில். அன்றைக்குத் திரும்பி வருகிற பஸ்ஸில் நீ அவர் மடியில் தூங்கிவிட்டாய். வல்லநாட்டு மலை தாண்டியிருக்கும். அவர் என் பக்கம் திரும்பி, "இப்பச் சொல்லு. மொதல்ல இருந்து சொல்லு. அந்தக் கொட்டலசு எதுக்கு அங்கன போய் ஒட்டுது? அதுக்கு வேற எடமா இல்ல?" என்று கேட்டார். நான் சொன்னேன். குஞ்சாக இருக்கும்போது அது தண்ணீரில் நீந்திக்கொண்டு இருக்கும் என்று சொன்னேன். இடம் பிடிக்கிற நேரம் வந்தால் தலைகீழாக நின்று தலையை ஒட்டவைத்துக்கொள்ளும், அப்புறம் சாகிறவரை அந்த இடம்தான், காலால் தண்ணீரை வாரி வாரிச் சாப்பிடும் என்று சொன்னேன். "தலையவா ஒட்டிக்கிடும்?" என்று ஆச்சரியப்பட்டார். மேலே மேலே கேட்டார். உப்பளம் கண்ணில் படுகிறவரை நான் பேசிக்கொண்டே வந்தேன். எனக்கு அவரோடு கல்யாணமாகி அதற்குள் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது, ஆனால் அன்றைக்கு அந்த பஸ்ஸில்தான் கல்யாணம் ஆனது மாதிரி இருந்தது. இதை அவரிடமே நான் சொன்னதில்லை, இப்போது உனக்கு எழுதுகிறேன்.

அதற்கப்புறம் கூண்டைத் தூக்குகிற நாளெல்லாம் எனக்கு முன்னால் அவர் பாலத்தில் நிற்பார். முதலில் கையில் வழுக்குகிற ஒரு மெல்லிய படலம், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் எல்லாம் அதில். அது வந்த பிறகுதான் மற்றவை ஒவ்வொன்றாக வந்தன. நான் லென்ஸில் பார்த்துச் சொல்லச் சொல்ல அவர் சரக்குக்குக் கோடு போடுகிற மாதிரியே கோடு போட்டு வைப்பார். புதிதாக ஒன்று வந்திருந்தால் "விருந்தாளி வந்தாச்சு" என்பார். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் என் ஆய்வேட்டைப் புரட்டிவிட்டு, ஓடுகளைச் சுத்தம் செய்ய என்ன திராவகம் பயன்படுத்தினாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். புளி என்றேன். யாருடைய முறை இது என்றார். என் கணவருடைய முறை என்றேன். பக்கத்தில் மிஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தேறிவிட்டேன். முதல் வகுப்பு மயிரிழையில் தவறியது. அதற்காக ஒருநாள்கூட நான் வருத்தப்பட்டதில்லை. அந்தப் பட்டத்தை வைத்து இத்தனை வருஷம் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, உன்னையும் வளர்த்து, நிறைவாகத்தான் இருக்கிறேன்.

அப்பா இதுவரை எழுதியதை வாங்கிப் படித்துவிட்டார். பஸ்ஸைப் பற்றி எழுதியிருக்கிற இடத்தில் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். அவருக்கு ஒரே ஒரு ஆட்சேபம்தான். "சுத்தமாத் துலக்குனேன்னு எழுதியிருக்க, சரி. ரெண்டு வருஷம் நான் சமைச்சத எழுதலியே" என்கிறார். எழுதிவிட்டேன். ரசம் மட்டும் வாயில் வைக்க முடியாது என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

நீ நல்ல பிள்ளை. அவளுக்காக வங்கியில் நாலு பேரை விசாரித்திருக்கிறாய். ஐந்தாவதாக அவளை விசாரித்திருக்கலாம். உன் அப்பா தேய்த்ததைக் கடல் மறுபடி ஒட்டவைத்துக் கொடுத்தது, எனக்கு அந்த அதிர்ஷ்டம் இருந்தது. தப்பான துறையில் சேர்ந்து இரண்டு வருஷம் போனால் அதைத் திருப்பித் தர எந்தக் கடலும் கிடையாது. ஆகையால் நிரப்பி வைத்திருக்கிற விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கி, எதுவும் எழுதாமல் அவளிடம் கொடு. கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன படிக்க ஆசை, ஏன் என்று கேள். அவள் சொல்லும்போது வேலை கிடைக்குமா என்று நடுவில் கேட்காதே.

எனக்கு அது என்னவென்று தெரியும். நிச்சயதார்த்தத்தன்று பந்தி முடிந்து நீ சிநேகிதர்களோடு போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தபோது, அவளை அடுப்படிப் பக்கம் கூட்டிப் போய்க் கேட்டேன். எட்டயபுரத்துப் பக்கம் அவர்கள் பருத்திக்காட்டில் சின்ன வயதிலிருந்து அவள் பார்த்துவருகிற ஒன்றைப் பற்றிச் சொன்னாள். கையை ஆட்டி ஆட்டி, கண்ணெல்லாம் மின்ன, கையில் இருந்த காப்பி ஆறிப்போகிறவரை சொன்னாள். உன்னிடம் இதுவரை அவள் அப்படிப் பேசியிருக்க மாட்டாள், ஏனென்றால் நீ கேட்டதில்லை. நானும் சொல்லப்போவதில்லை. அதற்கு எட்டுக் கால் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மீதியை அவளிடம் கேள்.

அம்மா